சோப்பு நுரையில் அகப்படாத லீக்

நம் வயதுக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்தால் ஐந்தாவது நிமிடம் பேச்சு பிரஷரில் வந்து நிற்கிறது. யாருக்கு எவ்வளவு, காலையில் எவ்வளவு, டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எவ்வளவு. அந்தப் பேச்சு தொடங்கியதும் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். தன் உடம்பைப் பற்றிப் பேசாத அடக்கமான பெண்மணி என்று என்னைப் பற்றி உங்களுக்குள் ஒரு நல்ல அபிப்பிராயம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைக் கெடுக்க வருத்தமாகத்தான் இருக்கிறது. அடக்கம் இல்லை, பயம்.

அந்தப் பயத்துக்கு உருவம் உண்டு. சிவப்பு நிறம், என் நெஞ்சுயரம், அடியில் இரண்டு சக்கரம், தலையில் ஒரு மோட்டார், நெற்றியில் ஒற்றைக்கண் போல ஒரு வட்ட முகப்பு. உள்ளே ஒரு முள்.

எனக்கு அப்போது பத்து வயது. கோயம்புத்தூரிலிருந்து டெக்சாஸின் இர்விங்குக்கு வந்து ஒரு வருடம் அபார்ட்மென்டில் இருந்துவிட்டு, கராஜ் வைத்த ஒரு வாடகை வீட்டுக்கு மாறியிருந்தோம். அப்பா மெக்கானிக்கல் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் பிழைத்தவர். பகலெல்லாம் திரையைப் பார்த்துவிட்டு வருகிற மனுஷருக்குக் கையில் கிரீஸ் படாவிட்டால் சோறு இறங்காது. கராஜைப் பார்த்ததும் அவர் முகம் கல்யாண ஆல்பத்தில் இருப்பதைவிடப் பிரகாசமாக இருந்தது என்று அம்மா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறாள், கொஞ்சம் வருத்தத்தோடு.

அடுத்த தெருவில் யாரோ வீட்டைக் காலி செய்தார்கள். அவர்கள் வாசலில் பரப்பி வைத்திருந்த பழைய சாமான்களுக்கு நடுவே, காற்றை அமுக்கி அடைத்து வைக்கும் அந்தக் கம்ப்ரஸர் நின்றது. அப்பா அதை நடைபாதையில் உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். நானும் அண்ணனும் பின்னால் நடந்தோம். கோயில் தேர் வருகிற மாதிரி இருந்தது என்று எழுதலாம்தான். உண்மையில் பிணம் கொண்டுவருகிற மாதிரி இருந்தது. அம்மா வாசலில் நின்ற நிலை அப்படி.

"ஏனுங்க, இது எதுக்கு?"

"காருக்குப் பெயின்ட் அடிக்கோணும். உங்கண்ணன் வர்றாருல்ல."

அதுதான் விஷயம். நியூஜெர்ஸியிலிருந்து மாமா ஆகஸ்ட் கடைசியில் வருவதாக இருந்தார். எங்கள் நீலநிற கார், டெக்சாஸ் வெயிலில் பானெட்டின் மேல்பூச்சு உரிந்து, தேமல் வந்த முதுகு மாதிரி இருந்தது. அந்தக் காரோடு விமானநிலையத்தில் மாமாவின் முன்னால் போய் நிற்க அப்பாவுக்கு இஷ்டமில்லை. கல்யாணப் பேச்சின்போது மாமா, "பையனுக்கு மிஷின் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது" என்று சொல்லியிருந்தாராம். மிஷினாவது தெரியும் என்று நிரூபிக்க அப்பாவுக்கு ஒரு கோடைக்காலம் கையில் இருந்தது.

பழைய பூச்சைத் தேய்த்து எடுக்க, காற்றில் சுழலும் சாண்டர் ஒன்று வேண்டும். அதை வாங்க என்னையும் கடைக்கு அழைத்துப் போனார். கடையில் இருந்த பெண்மணிக்கு வெள்ளை முடி, மூக்கு நுனியில் கண்ணாடி. பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு டெக்சாஸ் இழுப்பில் கேட்டார்: தொண்ணூறு பிரஷரில் இதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று பார்த்தீர்களா?

அப்பாவின் காதில் விழுந்தது தொண்ணூறு மட்டும். "நைன்ட்டி? ஐ ஹாவ் ஒன் ட்வென்ட்டி ஃபைவ்!" என்றார், வகுப்பில் முதல் மார்க் வாங்கியவர் போல.

அந்தப் பெண்மணி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வருடப் பள்ளியில் எனக்கு அந்த இழுப்பு பழகியிருந்தது. அவர் கேட்டது வேறு, அப்பா சொன்ன பதில் வேறு என்று தெரிந்தது. அப்பாவைத் திருத்துகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நான் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியின் பக்கவாட்டில் 11 என்று பெரிதாகப் போட்டிருந்தது. கம்ப்ரஸரின் தகட்டில் அதே இடத்தில் 4 என்று இருந்ததை நான் முன்பே படித்திருந்தேன். அந்த வயதில் நான் எதையும் படிப்பேன், ஷாம்பூ பாட்டில் உட்பட.

இன்று அதன் பொருள் தெரியும். மேல்தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது பிரஷர். குழாயில் நிமிடத்துக்கு எத்தனை குடம் தண்ணீர் வருகிறது என்பது வேறு கணக்கு. அந்தச் சாண்டர் நிமிடத்துக்குப் பதினொரு கன அடி காற்றைக் குடிக்கும். எங்கள் கம்ப்ரஸர் நாலுதான் கொடுக்கும். தொட்டியை எத்தனை உயரத்துக்கு ஏற்றினாலும் நாலு பதினொன்றாகாது. பம்பு செய்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்தக் கோடையில் அப்பாவின் வாயில் ஒரே வார்த்தைதான் இருந்தது. பிரஷர்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் அந்தப் பெயரில் மூன்று இருந்தன. முதலாவது சமையலறையில். புது வீட்டுக்கு வந்த வாரமே குக்கரின் சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு போய், பருப்பு கூரையில் அப்பியது. காய்ந்தபின் அது ஏறக்குறைய டெக்சாஸ் வரைபடம் போலிருந்தது. இரண்டாவது கராஜில். மூன்றாவதை எங்களுக்குச் சொல்லவில்லை.

தினமும் காலையில் அப்பா அம்மாவின் படுக்கையறைக் கதவு கொஞ்ச நேரம் சாத்தியிருக்கும். உள்ளேயிருந்து புஸ், புஸ், புஸ். பிறகு நீளமாக ஒரு ஸ்ஸ்ஸ். அம்மா கொசுவுக்கு மருந்து அடிக்கிறாள் என்றான் அண்ணன். அவனுக்குப் பதினாலு வயது, எல்லாம் தெரியும்.

ஒருநாள் மத்தியானம் அம்மா மாமாவோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் சோபாவின் பின்னால் படுத்து ஏதோ படித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியாது.

"பிரஷர் நூத்தி எழுவதுங்ணா... ஆமாங்ணா... எப்ப என்ன ஆகுமுன்னே தெரியலீங். எல்லாத்தையும் உள்ளயே அடக்கி வெச்சிருக்குது. திடீர்னு ஒரு நாளைக்கு வெடிச்சுப்போடும்னு பயமா இருக்குதுங்ணா. நான் சொன்னா அவரு எங்க கேக்கறாரு? கொழந்தைகளுக்குத் தெரிய வேண்டாம்னு இருக்கறேன்."

கூரையில் இருந்த டெக்சாஸைப் பார்த்தேன். இவ்வளவு சின்னக் குக்கர் அவ்வளவு உயரத்துக்குப் பருப்பை அடிக்கும் என்றால், என் நெஞ்சுயரத் தொட்டி?

ஓடிப்போய்க் கராஜில் பார்த்தேன். முள் நூற்றிருபதில் இருந்தது. நூற்றிருபத்தைந்துக்கு மேல் சிவப்புக் கோடு. நூற்றெழுபது அந்தக் கோட்டுக்கு வெகுதூரம் அந்தப் பக்கம். ஆக, யாரும் பார்க்காதபோது முள் அங்கே போய்விட்டு, ஆள் வருகிற சத்தம் கேட்டதும் திரும்பி வந்துவிடுகிறது. நான் அப்படித்தான் நம்பினேன். கதவிடுக்கு வழியாக ஒற்றைக் கண்ணால் அரைமணி நேரம் அதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது. இரண்டு பேருமே அசையவில்லை.

தொட்டியின் வயிற்றுக்கு அடியில் ஒரு குட்டித் திருகு இருந்தது. அப்பா ஒருமுறை அதைத் திறந்து காற்றை விட்டதைப் பார்த்திருந்தேன். மறுநாள் அம்மா மத்தியானம் கண்ணயர்ந்ததும் கராஜுக்குப் போய், சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து, அதன் அடியில் கையை விட்டேன். வெடித்தால் முதலில் என் முகம்தான் போகும் என்று தெளிவாகத் தெரிந்தது. திருகினேன். பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். துருப்பிடித்த தண்ணீர் என் மஞ்சள் கவுனில் பீய்ச்சி அடித்தது. முள் மெதுவாக இறங்கி, பூச்சியத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. என் குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டு உள்ளே வந்து பிஸ்கட் தின்றேன்.

இதை நான் பதினைந்து நாள் செய்தேன்.

சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து டையைக்கூடக் கழற்றாமல் கராஜுக்குப் போவார். "மறுபடியும் காலி! எங்கியோ லீக்கு!" என்று சத்தம் வரும். ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரைக் கலக்கி, பழைய ஷேவிங் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுவார். லீக் இருந்தால் அங்கே நுரை கொப்புளித்துக் காட்டிக்கொடுக்கும். அவர் கண்களைச் சுருக்கிக்கொண்டு பத்து நிமிடம் பார்ப்பார். ஒரு கொப்புளம் வராது. எல்லாவற்றையும் கழற்றி, வெள்ளை டேப் சுற்றி, மறுபடி மாட்டுவார். மறுநாளும் காலி. அவருடைய கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும். அம்மா வாசற்படியில் நின்றபடி, "ஏனுங்க, விடுங்க. சித்த உள்ள வந்து உக்காருங்க" என்பாள். அவர் காதில் விழாது.

ஒருநாள் அவர் சுவிட்சை அணைக்காமல் ஆபீஸ் போய்விட்டார். எனக்குத் தெரியாது. வழக்கம்போல அடியில் படுத்துத் திறந்தேன். முள் இறங்கியது. நூறு. தொண்ணூற்றைந்து. திடீரென்று என் தலைக்கு மேல் அது உயிர்பெற்றுக் கத்தியது. காற்று குறைந்தால் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் விடவிட, அது இழுத்து இழுத்து நிரப்பிக்கொண்டது. கோபம் வந்துவிட்டது, நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்தேன். எழுந்து ஓடிப்போய் என் அறை அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டேன். திருகு திறந்தபடியே கிடந்தது. அம்மா எழுந்து வந்து எட்டிப் பார்க்கவில்லை. அப்பாதான் ஏதோ டைமர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தாளாம்.

வெகுநேரம் கழித்துச் சத்தம் தானாக நின்றது. அப்பாவின் கார் திரும்புகிற நேரம். நான் தவழ்ந்து போய்த் திருகை மூடினேன். மோட்டாரிலிருந்து கருகிய ரப்பர் வாடை. அப்பா வந்து அதன்மேல் கை வைத்துவிட்டு, "ஆ!" என்று உதறினார். விரல் நுனிகள் சிவந்துவிட்டன. அவர் திட்டவில்லை. கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாம்போட்ட ஜாயின்ட்டு ஒண்ணுகூட நிக்கலயே" என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று இன்றும் நினைக்கிறேன். பொய்யாகவும் இருக்கலாம்.

மாமா வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை. மோட்டார் எப்படியோ பிழைத்திருந்தது. அப்பா வேலையைத் தொடங்கினார். எதிர்வீட்டு அங்கிள் காபி டம்ளரோடு வந்து நின்றார். சென்னைக்காரர். அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது, தெரிந்த விஷயமும் அவ்வளவாகக் கிடையாது.

சாண்டர் ஒரு நிமிடம் ஜோராகச் சுழன்றது. பிறகு உர்ர்ர் என்று முனகி, நின்றுபோவது போல மெதுவானது. அப்பா காத்திருந்தார். கம்ப்ரஸர் இரைந்தது. மறுபடி ஒரு நிமிடம். மறுபடி முனகல். பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல்.

"சார், பிரஷர் பத்தல," என்றார் அங்கிள். "அந்த நாப்பை முழுசாத் திருப்பி வைங்க சார். சும்மா பிச்சுக்கும்."

"முழுசாத்தான் வெச்சிருக்கேன்!"

"அப்போ லீக்குதான் சார்."

"லீக்கு இல்லீங்க! சோப்புப் போட்டுப் பாத்துட்டேன்!"

"டென்ஷன் ஆவாதீங்க சார். லீக் இல்லாம எப்படி சார் காத்து போவும்?"

வாசற்படியில் அம்மா. "ஏனுங்க, பிரஷர் ஏறிப்போகுமுங்க. போதும், உள்ள வாங்க."

ஒருத்தர் பத்தவில்லை என்கிறார், ஒருத்தி ஏறிவிடும் என்கிறாள். நான் இருவருக்கும் நடுவில் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது நடுங்கியது. கராஜில் கதவு திறந்திருந்தும் அடுப்புக்குள் நிற்பது போல வெக்கை. அப்பாவின் முகம் கம்ப்ரஸரின் நிறத்துக்கு வந்திருந்தது.

பிறகு சாண்டர் தரையில் விழுந்தது. அப்பா ஏதோ சொன்னார். அது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. வாய் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது. காரின்மேல் சாய்ந்து, மெல்லச் சறுக்கித் தரையில் உட்கார்ந்தார்.

"பிரஷர்!" என்று அம்மா அலறினாள். "ஐயோ, பிரஷர்! பிரஷருங்க!"

அங்கிள் டம்ளரைப் போட்டுவிட்டுச் சமையலறை ஃபோனுக்கு ஓடினார். அண்ணன் எங்கிருந்தோ வந்து அப்பாவின் தலையைப் பிடித்தான். எனக்கு என் வேலை தெரியும். பதினைந்து நாள் பயிற்சி. முதலில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். தரையில் விழுந்து, அடியில் கைவிட்டு, திருகை முழுவதுமாகத் திறந்தேன்.

அந்தச் சீறல் கராஜை நிரப்பியது. "அத்த நிறுத்து! அட்ரஸ் கேக்கறாங்க, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது!" என்று அங்கிள் உள்ளேயிருந்து கத்தினார். நான் நிறுத்தவில்லை. அப்பாவைக் கொன்றுகொண்டிருந்த சாமானை நான் கொன்றுகொண்டிருந்தேன். எண்பது. ஐம்பது. இருபது. முள் படுத்தது.

எழுந்துபோய் அம்மாவின் தோளைத் தொட்டேன். அவள் அப்பாவின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பி ஆம்புலன்ஸ் வருகிற தெருவைப் பார்த்தபடி. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, என்னால் முடிந்த அளவு தெளிவாகச் சொன்னேன்.

"அம்மா, பிரஷர் போயிருச்சு. ஜீரோ ஆயிருச்சு."

அம்மாவிடமிருந்து வந்த அந்தச் சத்தத்தை நான் உங்களுக்கு எழுதிக் காட்டப் போவதில்லை. அப்பாவின் கண் திறந்து அவளைப் பார்க்கும்வரை அவள் அதை நிறுத்தவில்லை.

அப்பா பிழைத்தார். சில வாரங்களில் வீட்டுக்கு வந்தார். இடது கை கொஞ்சம் சொன்னபடி கேட்காது, பேச்சு கொஞ்சம் இழுக்கும். மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால் உடம்புக்குப் பழகிவிடும் என்று அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மாமாவை விமானநிலையத்திலிருந்து அங்கிள்தான் அழைத்து வந்தார். மாமா வாசலில் நின்ற பாதி தேய்த்த காரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மிஷினும் தெரியாது என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அம்மா தன் புடவைகளுக்கு நடுவிலிருந்து பிரஷர் பார்க்கும் கைப்பட்டையை எடுத்து எங்கள் முன்னாலேயே அப்பாவின் கையில் சுற்றத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ரப்பர் பந்தை அமுக்கினாள். புஸ், புஸ், புஸ். அதில் ஒரு குட்டி வட்ட முகப்பு. உள்ளே ஒரு முள். நான் அறையைவிட்டு வெளியே போனேன். அந்த இடத்தில்தான், அந்த வாசற்படியில்தான், எனக்கு எல்லாம் புரிந்தது. நூற்றெழுபது யாருடையது, பதினைந்து நாள் நான் எதை இறக்கி எதை ஏற்றினேன் என்பது.

யாரிடமும் சொல்லவில்லை. கம்ப்ரஸரை யாரோ வந்து உருட்டிக்கொண்டு போனார்கள். மஞ்சள் கவுனை நானே குப்பையில் போட்டேன். முப்பத்தைந்து வருடம் போயிற்று.

இப்போது அதே டெக்சாஸில், ஆலன் என்ற ஊரில் இருக்கிறேன். போன மாதம் என் மகள் தன் பழைய சைக்கிளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்க வேண்டும் என்றாள். கடையில் கம்ப்ரஸர்கள் வரிசையாக நின்றன. நான் இரண்டு அடி தள்ளியே நின்றேன். அவள் ஒரு பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "அம்மா, திஸ் ஒன் இஸ் டூ ஸ்மால். தி ஸ்ப்ரே கன் நீட்ஸ் மோர் ஏர்" என்றாள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்கு ஆனது நான்கு விநாடி. அவள் என்னைத் திருத்தப் பயப்படுவதில்லை. நல்ல வளர்ப்பு என்று சொல்லிக்கொள்கிறேன், சில சமயம் பல்லைக் கடித்துக்கொண்டு.

அதைவிடப் பெரியதாக ஒன்றை வாங்கி வந்து, வீட்டில் அதன் கையேட்டைப் படித்தேன். ஷாம்பூ பாட்டில் பழக்கம் இன்னும் போகவில்லை. மூன்றாம் பக்கத்தில் போட்டிருந்தது: ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும் அடித்திருகைத் திறந்து காற்றையும் தண்ணீரையும் முழுவதும் வெளியேற்றவும். எனக்குச் சாதகமான அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, கராஜில் நின்றபடி, ஃப்ரீமான்ட்டுக்கு ஃபோன் செய்தேன். அப்பாவும் அம்மாவும் இப்போது அங்கே அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு எண்பது.

"அப்பா, அந்தச் செவப்புக் கம்ப்ரஸர் ஞாபகம் இருக்கா?"

"ஊம்."

சொன்னேன். சோபாவின் பின்னால் கேட்டது, திருகு, பதினைந்து நாள், சூடான மோட்டார், ஜீரோ. கையேட்டு வாக்கியத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். சொல்லி முடித்தபோது மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் ஒரு மாதிரி திணறலாக மாறியது. ஃபோன் கைமாறுகிற சத்தம்.

"ஏண்டி, என்னத்தச் சொன்ன அவருகிட்ட?" அம்மா. "மொகமெல்லாம் செவந்து போச்சு. கண்ணுல தண்ணியா வருது. பேச்சே காணோம். இரு, பிரஷர் பாக்கறேன்."

இப்போது ரப்பர் பந்து இல்லை, எல்லாம் மின்சாரம். ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. அந்த மெஷின் காற்றை ஏற்றுகிற சத்தம் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. ர்ர்ர்ர். ஏறிக்கொண்டே போனது. என் எதிரில் புதுக் கம்ப்ரஸர், முள் பூச்சியத்தில். ஆகஸ்ட் வெக்கை. எனக்கு நாற்பத்தைந்து வயது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"சிரிக்காம கைய நீட்டுங்க," என்றது அம்மாவின் குரல். "மிஷினு தப்பாக் காட்டும்."

சிரிக்காமலா?

ஃபோன் மறுபடி கைமாறியது. அப்பாவின் குரல், இழுத்து, இழுத்து வந்தது. மூச்சு வாங்கியது.

"சோப்புத் தண்ணி... தினம் போட்டுப் பாத்தனே அம்முணி. ஒரு கொப்புளம் வரல. இத்தன வருஷமா... ராத்திரி படுத்தா அதேதான். எங்க வுட்டேன், எங்க வுட்டேன்னு."

"அப்பா, நான் சொன்னது புரிஞ்சுதா? என்னாலதான் உங்களுக்கு..."

"அட, அத வுடு," என்றார். பக்கத்தில் இருந்த அம்மாவுக்கும், அண்ணன் வீட்டுக்கும், நியூஜெர்ஸி வரைக்கும் கேட்க வேண்டும் என்பது போல உரக்கச் சொன்னார்:

"என்ற ஜாயின்ட்டுல லீக்கே இல்ல!"